வார இறுதிச் சவாரி வீட்டு வாசலில் தொடங்கட்டும்: சாலைகளைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

நகரச் சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அந்த வடிவமைப்புகளுக்கு ஒப்புதல் தந்து நிதி ஒதுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

வார இறுதி நாள்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மிதிவண்டியில் வெளியே சென்றுவரும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்க வந்தது ஒன்றுதான். எங்கள் சவாரியையும் ஒரு பயணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அது வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலிலேயே முடியும்படி சாலைகளை அமைத்துத் தாருங்கள். இதன் பின் வரும் அனைத்தும், இந்தக் கோரிக்கை ஏன் எழுகிறது, இதை நிறைவேற்றச் சாலையில் என்னென்ன மாற வேண்டும் என்பதைப் பற்றியவையே.

போக்குவரத்துக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் வேலைநாள்களின் நெரிசல் நேரத்தை ஒட்டியே நடத்தப்படுகின்றன. வீட்டிலிருந்து அலுவலகம், வீட்டிலிருந்து பள்ளி என்று புறப்படும் இடமும் சேரும் இடமும் தெளிவாகத் தெரிகிற பயணங்கள் அவற்றில் எளிதாகப் பதிவாகிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் ஏரிக்கரை வரை மிதித்துச் சென்று, அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வேறொரு தெரு வழியாக வீடு திரும்பினால், அந்தப் பயணத்தின் சேருமிடம் என்று படிவத்தில் எதை நிரப்புவது? படிவத்தில் ஏறாத பயணத்துக்குச் சாலையில் இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்களின் வாரத்தில் நான்கு பேரும் ஒரே வேலையில் ஒன்றாக ஈடுபடும் நேரம் பெரும்பாலும் இது ஒன்றுதான். மற்ற நாள்களில் வீடு முழுவதும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டே இயங்குகிறது. ஒருவர் குளித்து முடிப்பதற்குள் இன்னொருவர் கிளம்பிவிடுகிறார்; பிள்ளைகளிடம் பேசும் பேச்சில் பாதி, சீக்கிரம் எழுந்திரு, பையை எடுத்துவை, காலணியைப் போட்டுக்கொள் என்ற ஏவல்களாகவே கழிந்துவிடுகிறது.

மிதிவண்டிச் சவாரி இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. முந்தைய நாள் மாலையே வேலை தொடங்கிவிடும். சக்கரங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றடிப்பதைப் பெரியவள் எடுத்துக்கொள்கிறாள். சின்னவனின் கால் வளர்ந்திருப்பதைப் பார்த்து இருக்கையை ஓர் அங்குலம் உயர்த்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிரேக் நெம்புகோலை அவனுடைய சிறிய விரல்கள் எட்டிப் பிடிக்க முடிகிறதா என்று சோதித்தாக வேண்டும். புறப்பட்ட பிறகு வேகத்தைத் தீர்மானிப்பவர் வீட்டிலேயே சிறியவர். மற்றவர் அனைவரும் அவருக்காக மெதுவாக மிதிக்கிறோம். அவர் களைத்தால் நிற்கிறோம். வாரம் முழுவதும் பெரியவர்களின் வேகத்துக்கு ஓடிய ஒரு குழந்தைக்குத் தன் வேகத்தில் குடும்பமே நகர்கிறது என்பது எவ்வளவு பெரிய மதிப்பு என்பதை, பக்கத்தில் மிதித்துச் சென்று பார்த்தவர்கள் அறிவார்கள். வீட்டுக்குள் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பன்னிரண்டு வயதுப் பெண், பக்கவாட்டில் மிதித்துக்கொண்டு வரும்போது பள்ளியில் நடந்ததைத் தானாகவே சொல்லத் தொடங்குகிறாள். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததும், கைக்கும் காலுக்கும் வேலை இருப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். காரணம் எதுவானாலும், அப்படிப் பேசுவதற்கு இருவர் அருகருகே செல்லும் அகலம் பாதையில் இருக்க வேண்டும். பாதையின் அகலத்தை நீங்கள் குறிக்கும்போது, ஒரு தகப்பனும் மகளும் பேசிக்கொண்டே செல்லலாமா, ஒருவர் பின் ஒருவராக வாய்மூடிச் செல்ல வேண்டுமா என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறீர்கள்.

இதை அளவாகவும் சொல்லிவிடலாம். மிதிவண்டியின் கைப்பிடி ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. ஆனால் வண்டி நேர்க்கோட்டில் செல்வதில்லை. சற்று இடமும் வலமுமாக அசைந்தே செல்லும். வேகம் குறையக் குறைய அந்த அசைவு கூடும். ஆகவே ஒருவருக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், குழந்தையும் பெரியவரும் அருகருகே செல்ல ஒரு திசைக்கு 2 மீட்டரேனும் தேவைப்படும். சாலையோரத்தில் கார்கள் நிறுத்தப்பட்டிருக்குமானால், அவற்றின் கதவு திறக்கும் தூரத்தை இந்த அகலத்துக்கு வெளியே தனியாக ஒதுக்க வேண்டும். வெறும் வண்ணக் கோட்டால் பிரிக்கப்பட்ட ஒன்றேகால் மீட்டர்ப் பட்டை, பழக்கப்பட்ட பெரியவர் தனியாகச் செல்வதற்கு ஒருவேளை போதலாம். ஏழு வயதுக் குழந்தையை அதில் விட எந்தப் பெற்றோருக்கும் மனம் துணியாது.

இனி, எங்களை மிகவும் வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். பல நகரங்களில் பூங்காக்களிலும் ஆற்றோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நல்ல மிதிவண்டிப் பாதைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நிழலும் வழவழப்பான தளமும் உள்ள அவை மோட்டார் வாகனங்கள் இல்லாதவை. அவற்றை அமைத்தவர்களுக்கு நாங்கள் மனமார நன்றி சொல்கிறோம். ஆனால் வீட்டிலிருந்து அந்தப் பாதையின் வாயில் வரை செல்லும் இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஒரு நான்குவழிச் சாலையும், ஒரு மேம்பாலத்தின் இறக்கமும், சிக்னல் இல்லாத ஒரு திருப்பமும் குறுக்கிடுகின்றன. மேல்தளத்தை அழகாகக் கட்டிவிட்டுப் படிக்கட்டு வைக்க மறந்த வீட்டின் நிலை இது. கார் உள்ள குடும்பங்கள் மிதிவண்டிகளைக் காரின் பின்னால் கட்டி எடுத்துச் செல்கின்றன. மிதிவண்டி ஓட்டுவதற்காகவே சாலையில் ஒரு கார் கூடுகிறது, பாதையின் வாயிலில் வாகன நிறுத்துமிடம் நிரம்பி வழிகிறது. கார் இல்லாத குடும்பங்கள் போவதே இல்லை. பொதுப்பணத்தில் அமைந்த ஒரு பாதை, யாரிடம் கார் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் எட்டுவதாகிவிடுகிறது என்பதை நீங்கள் ஆழ்ந்து கருத வேண்டுகிறேன். பாதையின் நீளத்தைக் கிலோமீட்டரில் கூட்டி ஆண்டறிக்கையில் வெளியிடும்போது, எத்தனை வீடுகளிலிருந்து ஒரு குழந்தை அந்தப் பாதையை மிதித்தே சென்றடைய முடியும் என்ற எண்ணிக்கையையும் பக்கத்தில் போடுங்கள். இரண்டாவது எண்தான் எங்களுக்கு வேண்டியது.

குழந்தையை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாலையைப் பயன்படுத்துவோரில் குழந்தை ஓர் உருவம் சிறுத்த பெரியவர் அல்ல. நிறுத்தப்பட்ட காருக்கு மேலாக அதனால் எட்டிப் பார்க்க முடியாது. அந்தக் காருக்கு அப்பால் வரும் ஓட்டுநராலும் அதைப் பார்க்க முடியாது. தொலைவில் வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் ஒருசேரக் கணித்து, கடக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் திறன், தொடக்கப்பள்ளி வயதில் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துச் சைகை காட்டியபடியே பின்னால் திரும்பிப் பார்ப்பது பெரியவருக்கு எளிது. குழந்தைக்கோ அது வண்டியின் சமநிலையையே குலைத்துவிடும். இவற்றை எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் வயது வந்தால்தான் வரும். ஆகவே குழந்தையின் குறைகளைச் சாலை பொறுத்துக்கொள்ள வேண்டும். சாலையின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி குழந்தையிடம் கேட்பது முறையன்று.

சந்திப்புகளில் இது மிகக் கூர்மையாகத் தெரியும். வரைபடத்தில் ஒரு மிதிவண்டி என்று நீங்கள் குறிப்பது, எங்களுக்கு நான்கு மிதிவண்டிகள். பச்சை விளக்கு எரிந்ததும் முன்னால் நிற்பவர் புறப்படுவார். அவர் நகர்ந்த பிறகுதான் இரண்டாமவர் மிதியில் கால் வைப்பார். கடைசியில் நிற்கும் குழந்தை ஒரு காலால் தரையை உந்தி, தள்ளாடி, சமநிலை பிடித்துக் கிளம்புவதற்குள் நான்கைந்து நொடிகள் ஓடிவிடும். அதன் பிறகு மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அதற்கு 9 நொடிகள் வேண்டும். விளக்கு பத்து நொடிகளில் மாறிவிட்டால், அப்பா மறுகரையிலும் குழந்தை சாலை நடுவிலும் இருப்பார்கள். அந்த நொடியில் நில் என்று கத்துவதா, வா என்று கத்துவதா என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. இந்தத் திகைப்பை நாங்கள் ஒவ்வொருவரும் அறிவோம். வார இறுதிச் சவாரியை ஒரு குடும்பம் கைவிடுவதற்கு விபத்து நேர வேண்டியதில்லை. இப்படி ஒரு கணமே போதுமானதாகிவிடுகிறது.

சாலை நடுவே ஒதுங்கி நிற்க அமைக்கப்படும் திட்டுகளும் இப்படித்தான். அவை நடந்து செல்வோரை மனத்தில் வைத்து, கடக்கும் திசையில் ஒன்றரை மீட்டர் அகலமே இருக்கும்படி பெரும்பாலும் கட்டப்படுகின்றன. சாதாரண மிதிவண்டியின் நீளமே ஏறத்தாழ 1.8 மீட்டர். பின்னால் குழந்தை வண்டி இணைக்கப்பட்டிருந்தால் மொத்த நீளம் 3 மீட்டரைத் தாண்டும். முன்சக்கரம் திட்டின் விளிம்பைத் தொட்டு நிற்கும்போது, குழந்தை அமர்ந்திருக்கும் பின்பகுதி ஓடும் வாகனங்களின் வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கவனிக்க ஓர் அளவுநாடா போதும்.

திருப்பங்களின் வளைவும் முக்கியமானது. மூலை அகலமாகவும் சரளமாகவும் வளைக்கப்பட்டிருந்தால், வாகனங்கள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பும். மூலையைக் குறுக்கினால் ஓட்டுநர் தாமாகவே வேகத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் பார்த்தாக வேண்டும். மிதிவண்டிப் பாதையைத் திருப்பத்தில் ஒரு காரின் நீளத்துக்கு உள்வாங்கிக் கடக்கவைத்தால், திரும்பி முடித்த கார் நேருக்கு நேராகப் பார்த்து நிற்க இடம் கிடைக்கும். நெதர்லாந்தில் இத்தகைய சந்திப்புகள் பல்லாண்டுகளாக வழக்கத்தில் இருக்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையானது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு நொடியில் ஏறத்தாழ 8 மீட்டர் ஓடும்; உலர்ந்த சாலையில் அது முற்றிலும் நிற்க மேலும் 5 மீட்டர் போதும். ஆக, 13 மீட்டரில் கார் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் முதல் நொடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அதன் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. முழு வேகத்தோடு அது கடந்து செல்லும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 50இல் மோதும் கார் 30இல் மோதுவதைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலைச் சுமந்துவருகிறது. 20 கிலோமீட்டர் வேறுபாடு ஓட்டுநருக்குத் தெருவின் கோடியை அடைவதில் சில நொடிகளாகத் தோன்றும். பந்தைத் துரத்துவதைப் போலத் தன் தம்பியைத் துரத்திக்கொண்டு மூலை திரும்பும் ஒரு குழந்தைக்கு அது உயிர்.

உலக அளவில் இதில் பெரிய கருத்து வேறுபாடும் இல்லை. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம், நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் மோட்டார் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் உச்ச வேகம் 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் முதன்மைச் சாலைகள் நீங்கலாக மற்றத் தெருக்களில் 1992ஆம் ஆண்டிலேயே இதை நடைமுறைப்படுத்திவிட்டது. ஸ்பெயின் 2021 மே மாதத்தில், ஒரு திசைக்கு ஒரே வழித்தடம் உள்ள நகரத் தெருக்கள் அனைத்துக்கும் நாடு முழுவதும் இந்த வரம்பை விதித்தது. பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவைக் குறுக்குவதும், சந்திப்பின் தளத்தை உயர்த்துவதும், தெருவைக் குறுக்குவழியாக மட்டும் பயன்படுத்தும் வாகனங்களை வேறு வழிக்குத் திருப்புவதும் சேர்ந்தால்தான் பலகைக்குப் பொருள் உண்டாகும்.

இந்த இடத்தில் வழக்கமாக எழும் மறுப்பு ஒன்று உண்டு. வார இறுதியில் சில மணி நேரம் பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர்களுக்காக, வேலைநாள்களில் இயங்க வேண்டிய சாலையை மாற்றுவதா என்று கேட்கப்படுகிறது. கேள்வி நியாயமானதே; அதற்கு நேர்மையாக விடை சொல்ல முயல்கிறேன்.

முதலாவது, குழந்தைகளைப் பொறுத்தவரை பொழுதுபோக்கு என்பது இரண்டாம்பட்சம் அல்ல. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. 5 முதல் 17 வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலசைவில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு அது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இதைப் பெறக்கூடிய வழிகள் அதிகம் இல்லை. விளையாட்டு மைதானத்தில் பிள்ளை ஓட, பெற்றோர் ஓரமாக அமர்ந்திருப்பதே பெரும்பாலும் நடக்கிறது. மிதிவண்டியில் மட்டும்தான் பாட்டி உட்பட எல்லோரும் வியர்க்கிறோம்.

இரண்டாவது, வார இறுதிச் சவாரிதான் வேலைநாள் பயணத்துக்குப் பயிற்சிக்களம். எட்டு வயதில் அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பழகிய வழியில்தான், பதினொரு வயதில் ஒரு பிள்ளை தனியாகப் பள்ளிக்குச் செல்லத் துணிகிறது. அனுப்பப் பெற்றோரும் துணிகிறார்கள். எந்த மூலையில் நிற்க வேண்டும், எந்த வீட்டு வாயிலிலிருந்து கார் பின்னோக்கி வரும், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பவை எல்லாம் அவசரமில்லாத காலையில்தான் கற்றுக்கொள்ளப்படுகின்றன. பார்சிலோனாவில் 2021 முதல் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பெரியவர்கள் துணையோடு பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் வழக்கம் பரவியது. அதில் சேரும் பிள்ளைக்கு வண்டியை நிதானமாக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நிதானம் ஓய்வு நேரத்துச் சவாரியில் விளைவது. ஆகவே நாங்கள் கேட்கும் பாதை வாரத்தில் ஒரு நாள் மட்டும் பயன்படுவது அன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தைக்குப் பொருந்தும் பாதை, திங்கட்கிழமை எல்லோருக்கும் பொருந்தும்; நெரிசல் நேரத்தில் அலுவலகம் விரையும் பெரியவரை மட்டும் அளவுகோலாக வைத்து அமைத்த பாதையில் குழந்தைக்கு எந்த நாளும் இடமில்லை.

மூன்றாவது, வார இறுதியைப் பொருட்படுத்திய நகரங்கள் என்ன பெற்றன என்பதைப் பாருங்கள். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1974 டிசம்பரில் மிதிவண்டி ஆர்வலர்கள் சில சாலைகளில் தொடங்கிவைத்த ஏற்பாடு, சிக்லோவியா என்ற பெயரில் இன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளை மோட்டார் வாகனங்களிடமிருந்து விடுவித்துத் தருகிறது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் பாவ்லிஸ்தா என்னும் பெருஞ்சாலை 2015 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. ஜகார்த்தாவும் இவ்வாறே தன் முதன்மைச் சாலையை ஞாயிறு காலைகளில் மூடிவைக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். தடுப்புகளை வைத்து எடுக்கும் செலவு, சாலை அமைக்கும் செலவில் மிகச் சிறிய பங்கே. ஆயினும் இதையே முழுத் தீர்வாகக் கொள்வதை ஏற்க முடியவில்லை. பிற்பகல் 2 மணிக்குத் தடுப்புகள் எடுக்கப்பட்டதும் குழந்தையின் சாலை மறைந்துவிடுகிறது. வீடு திரும்பப் பழைய சாலையே மிஞ்சுகிறது. நிரந்தரப் பாதைகள் வளரும் வரை இடைக்கால ஏற்பாடாகவும், ஒரு சாலை அமைதியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஊருக்குக் காட்டும் ஒத்திகையாகவும் அதை நடத்துங்கள்.

நெதர்லாந்தைக் காட்டி, அது அவர்களுடைய பண்பாடு, நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களும் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்நாட்டு நகரங்களும் கார்களுக்காகவே சாலைகளை அகலப்படுத்தின; 1971ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 3,000க்கும் மேற்பட்டோர் சாலைகளில் இறந்தனர், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்ற முழக்கத்தையே பெயராகக் கொண்டு பெற்றோர் இயக்கம் எழுந்தது. எண்ணெய் நெருக்கடியால் 1973 நவம்பர் 4 முதல் சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் தடைசெய்யப்பட்டபோது, நெடுஞ்சாலைகளில் குடும்பங்கள் மிதிவண்டி ஓட்டின. தெருவின் இன்னொரு முகத்தை ஒரு தலைமுறை கண்ணால் கண்டது. வாகனங்கள் நடைவேகத்தில் மட்டுமே செல்லக்கூடிய குடியிருப்புத் தெருக்களுக்கு 1976இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அதே காலகட்டத்தில் வளரத் தொடங்கிய ஹௌட்டன் என்னும் சிற்றூர், கார்கள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செல்ல வேண்டுமானால் சுற்றுச்சாலை வழியாகவே செல்ல வேண்டும், மிதிவண்டிகளோ ஊரின் நடுவே நேராகச் செல்லலாம் என்ற முறையில் திட்டமிடப்பட்டது. இவை அனைத்தும் பெற்றோர் கேட்க, பொறியாளர்கள் வரைய, நிர்வாகிகள் கையெழுத்திட்டதால் நிகழ்ந்தவை. ஸ்பெயினின் செவில்யா நகரமும் 2006இல் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, காருக்கு மட்டும் பழகியிருந்த தெருக்களில், தனித்துப் பிரிக்கப்பட்ட பாதைகளை ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாக அமைத்துக் காட்டியது. அங்கே துண்டு துண்டாகப் போடாமல் முழு வலையாகப் போட்டதே அதன் வெற்றிக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

தலைக்கவசத்தைப் பற்றி உங்கள் விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. எங்கள் பிள்ளைகள் அதை அணிகிறார்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா, தாடைப் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் புறப்படுகிறோம். ஆனால் அது கீழே விழும் குழந்தையின் தலையைக் காப்பதற்கானது. லாரி திரும்பும் வழியிலிருந்து குழந்தையை விலக்கிவைக்க அதனால் ஆகாது. எங்களுடைய பங்கை நாங்கள் செய்கிறோம், செய்வோம்.

சிறிய விஷயங்கள் சிலவற்றையும் குறிப்பிட்டுவிடுகிறேன். வடிகால் மூடிகளின் கம்பி இடைவெளிகள் வண்டி செல்லும் திசையிலேயே நீளமாக அமைந்தால், 12 அல்லது 16 அங்குலச் சிறுவர் வண்டியின் சிறிய சக்கரம் அதில் சிக்கிவிடக்கூடும். குறுக்காகத் திருப்பிப் பதித்தால் போதும். மோட்டார் பைக்குகளைத் தடுக்கப் பாதை வாயிலில் வைக்கப்படும் வளைவு வேலிகள், குழந்தை வண்டி இணைத்த மிதிவண்டியையும் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகின்றன. கம்பங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி இருக்கட்டும். பழுதுபார்ப்புக்காகப் பாதையை மூடும்போது கார்களுக்கு மாற்றுவழி காட்டும் அக்கறை மிதிவண்டிகளுக்கும் காட்டப்பட வேண்டும், ஏனென்றால் பாதி வழியில் திரும்பச் சொல்லப்படும் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தத் திரும்பும் தூரம் மிகப் பெரிது. வழியில் நிழலில் அமர ஓர் இருக்கையும், குடிநீரும், கழிப்பறையும் இல்லாத பாதையைக் குடும்பங்கள் பயன்படுத்தமாட்டா. இதைப் பிள்ளை வளர்த்த எவரும் விளக்கம் இல்லாமலே ஒப்புக்கொள்வார்கள்.

இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாது என்பதை அறிவோம். எனவே வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அழுத்தமாக ஒன்றைச் சொல்கிறேன். புதிய பாதைகளை நீட்டிக்கொண்டே போவதற்கு முன்னால், இருக்கும் பாதைகளுக்கும் வீடுகளுக்கும் இடையில் அறுந்துகிடக்கும் இடங்களை இணையுங்கள். ஒரே ஒரு சந்திப்பைச் சரிசெய்வதால் ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதும் பூங்காவோடு இணையக்கூடிய இடங்கள் ஒவ்வொரு நகரத்திலும் உண்டு. எவை அவை என்று கண்டறிய ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. பள்ளிகளில் பெற்றோரைக் கேட்டால் ஒரு மாலையில் சொல்லிவிடுவார்கள். அடுத்த கணக்கெடுப்பில் ஒரு சனிக்கிழமையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேருங்கள். மிதிவண்டிகளை எண்ணும்போது ஓட்டுபவரின் வயதையும், அவர்கள் தனியாக வந்தார்களா, சேர்ந்து வந்தார்களா என்பதையும் குறியுங்கள். ஒரு பாதையில் குழந்தைகளே காணப்படவில்லை என்றால், தேவை இல்லை என்று முடிவுகட்டாமல் அந்தப் பாதை ஏன் குழந்தைகளை விலக்குகிறது என்று ஆராயுங்கள். ஒப்பந்தக்காரரிடமிருந்து புதிய பாதையைப் பெற்றுக்கொள்ளும் முன், நடைமுறைச் சோதனைப் பட்டியலில் இன்னும் ஒரு வரியைச் சேருங்கள்: எட்டு வயதுக் குழந்தை ஒன்று, ஒரு பெரியவர் அருகில் வர, தொடக்கம் முதல் முடிவு வரை எங்கும் இறங்காமல் சென்றதா?

இம்மடலுக்கு நாங்கள் எதிர்பார்க்கும் மறுமொழி ஒரு வரைபடம். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலிருந்தும் அருகிலுள்ள பூங்காவுக்கோ நீர்நிலைக்கோ செல்லும் மிதிவண்டி வழியை அதில் வரையுங்கள். வழி அறுந்துகிடக்கும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். ஒவ்வொரு சிவப்புக் குறிக்கும் எதிரே அது எந்த ஆண்டில் சரிசெய்யப்படும் என்பதையும், எந்த அதிகாரி அதற்குப் பொறுப்பு என்பதையும் எழுதி, பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வார இறுதியில் பிள்ளைகளோடு மிதிவண்டி ஓட்டும் பெற்றோரில் ஒருவர்